பழைய ஸ்விங் நிரலை வலைப்பக்கத்தில் ஓட்ட: சியர்ப்ஜே

எங்கள் பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் லேபில், லாஜிக் கேட் சொல்லிக்கொடுக்க ஒரு ஜாவா நிரல் இருக்கிறது. எப்போதோ படித்துப் போன மாணவர்கள், சன்னல், மெனு, பொத்தான்களை உருவாக்கும் ஜாவா நூலகமான ஸ்விங்கில் எழுதியது. இடப்பக்கம் கேட்களின் பட்டியல், நடுவில் சர்க்யூட் வரையும் பலகை, கீழே ட்ரூத் டேபிள். மூலநிரல் யாரிடமும் இல்லை, ஓட்டத் தயாரான நிரலைக் கட்டி வைத்த ஜார் கோப்பு மட்டும்தான் மிச்சம். இப்போது வரும் பிள்ளைகளின் லேப்டாப்பில் ஜாவாவே கிடையாது. ஆப்லெட்டாக, அதாவது பிரவுசருக்குள் ஓடும் ஜாவா நிரலாக, வலைப்பக்கத்தில் பதிக்கலாம் என்றால் அந்த வழியும் மூடிவிட்டது. 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் ஆப்லெட்டை ஓட்டும் ஜாவா செருகுநிரலைக் கைவிட்டன. ஜாவா 11 வந்தபோது ஆரக்கிளே அதை எடுத்துவிட்டது.

இந்த நிலைமைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது லீனிங் டெக்னாலஜீஸின் சியர்ப்ஜே. ஜாவா நிரல்களை இயக்கும் ஜாவா இயந்திரத்தையே, பிரவுசரில் வேகமாக ஓடும் நிரல் வடிவமான வெப்அசெம்ப்ளியின் துணையோடு பிரவுசருக்குள் ஓட்டுகிறது. மூலநிரல் தேவையில்லை, ஜாரைத் தொட வேண்டியதில்லை, செருகுநிரலும் வேண்டாம். வெப்ஸ்விங் என்று இன்னொன்று உண்டு. அது நிரலைச் சர்வரில் ஓட்டி, திரையை மட்டும் பிரவுசருக்கு அனுப்புகிறது. ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் திறந்தால் அந்தச் சுமை முழுவதும் சர்வர் தலையில்தான். சியர்ப்ஜேயில் வேலை மாணவரின் கணினியில் நடக்கிறது; நம் பக்கம் சாதாரண வலைச் சர்வர் போதும். ஒன்றே ஒன்று, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் கொடுக்கத் தெரிந்த சர்வராக அது இருக்க வேண்டும். பைத்தானோடு வரும் எளிய சர்வருக்கு அது தெரியாது. பக்கத்தை டபுள் கிளிக் செய்து நேராகத் திறந்தாலும் ஓடாது.

பதிப்பது சுலபம். லோடர் ஸ்கிரிப்டைச் சேர்த்து, சியர்ப்ஜேயைத் தொடக்கி, காட்சிக்கு இடம் ஒதுக்கி, ஜாரை ஓட்டச் சொன்னால் முடிந்தது. அகலம், உயரம் இரண்டுக்கும் -1 கொடுத்து ஒரு பெட்டியைக் காட்டினால் அந்தப் பெட்டியின் அளவுக்கே பொருந்திக்கொள்கிறது. பாடக் குறிப்பு மேலே, அதே பக்கத்தில் கீழே சர்க்யூட் பலகை. மெனு விரிகிறது, உரையாடல் பெட்டி மேலே எழுகிறது, கேட்டை இழுத்து வைத்தால் கம்பி கூடவே வருகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

காப்பி பேஸ்ட் விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இயல்பு நிலையில் ஜாவாவின் கிளிப்போர்டு தனி, கணினியுடையது தனி. தொடக்கும்போதே அமைப்பை மாற்றினால்தான் இரண்டும் சேரும். முதல் தடவை திறக்கும்போது காத்திருக்கவும் வேண்டும், ஜாவாவின் நூலகங்கள் தேவைக்கேற்ப இறங்குகின்றன. கைபேசிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வலது கிளிக்கையும் சின்னஞ்சிறு பொத்தான்களையும் நம்பிக் கட்டிய இடைமுகம் விரலுக்கு ஒத்துவராது.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் இலவசம், நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். சியர்ப்ஜேயின் நிரல் லீனிங் டெக்னாலஜீஸின் சர்வரிலிருந்துதான் வருகிறது. அதை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டும் என்பதால், இணையம் இல்லாத லேபுக்கு இது உடனே உதவாது. ஜாவா 8-க்கு எழுதியவை சியர்ப்ஜே 3.0-இல் ஓடும், ஜாவா 11 வேண்டுமென்றால் சியர்ப்ஜே 4.0 எடுங்கள்.

அப்புறம், கோப்பு சேமிப்பது. மாணவர் சேமிக்கும் சர்க்யூட் அவர் வன்தட்டுக்குப் போகாது, பிரவுசரின் சொந்தக் கிடங்கில் உட்கார்ந்துகொள்ளும். பிரவுசர் தரவை அழித்தால் அதுவும் போய்விடும். ஆனால் அங்கிருக்கும் கோப்பை ஜாவாஸ்கிரிப்டில் வெளியே எடுக்க வழி வைத்திருக்கிறார்கள். அதை வைத்துப் பலகைக்குக் கீழே ஒரு 'பதிவிறக்கு' பொத்தான் போட்டேன். ரெக்கார்டு நோட்டோடு பிள்ளைகள் இப்போது அந்தக் கோப்பையும் அனுப்புகிறார்கள்.