கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம்: நிதியின் வழியும் சேவையின் தரமும்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், நாடு முழுமைக்குமான கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1994-இல் அமைக்கப்பட்டது. எங்கள் தெருவில் குடியிருக்கும் சித்தாள் அம்மா ஒருவர் இதில் பதிவு செய்யத் துணைநின்றவன் என்ற முறையில் இதன் சேவையை மதிப்பிடுகிறேன்.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. 18 வயது முதல் 60 வயது வரையிலான கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், பெயின்டர் எனப் பலரும் இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம், 60 வயதுக்குப் பிந்தைய ஓய்வூதியம் என உதவிகள் வாழ்வின் முக்கியக் கட்டங்களைத் தொடுகின்றன.

இந்த வாரியத்தின் உண்மையான பலம் அதன் வருவாய்தான். கட்டடச் செலவில் 1 விழுக்காடு நலவரியாக வாரியத்துக்கு வந்துவிடுவதால், நிதிநிலை அறிக்கையில் கை இறுகும் ஆண்டிலும் ஓய்வூதியம் நிற்க வேண்டியதில்லை. 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்துக்கு இந்த வசதி கிடையாது. வீடு வீடாக வரி வசூலிக்க வழியில்லாத நிலையில் அது அரசு மானியத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. செங்கல் சுமக்கும் அக்காவுக்கும் பாத்திரம் துலக்கும் தங்கைக்கும் கிடைக்கும் பாதுகாப்பு, அவரவர் வாரியத்துக்குப் பணம் வரும் வழியைப் பொறுத்து மாறுவது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பணம் சேர்ந்தால் மட்டும் போதாது. நாடு முழுவதும் ரூ.37,400 கோடிக்கு மேல் நலவரி திரண்டும், சுமார் ரூ.9,500 கோடி மட்டுமே தொழிலாளருக்காகச் செலவிடப்பட்டதை 2018-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. மேலும், சம்பளம் உள்ளிட்ட நிர்வாகச் செலவு வாரியத்தின் மொத்தச் செலவில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என, முன்பு சொன்ன நாடு முழுமைக்குமான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்தது. தொழிலாளர் பணம் சம்பளத்தில் கரைந்துவிடாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. எனினும் விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும், குறையிருந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பொறுமையாக விளக்கவும், வேலை நடக்கும் இடத்துக்கே சென்று பதிவு செய்யவும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களுக்கான செலவைத் தொழிலாளர் துறையின் மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்காகச் சட்டமன்றத்தில் கேட்டுப் பெறும் நிதி) வழியாக அரசே ஏற்க வேண்டும்.

கட்டுமான வேலையில் இருப்போர் தயங்காமல் பதிவு செய்து, பதிவு காலாவதியாகும் முன்பே புதுப்பித்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். விண்ணப்பத்தில் தரும் கைப்பேசி எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதும், வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும் பின்னர் உதவித்தொகை கேட்கும்போது அலைச்சலைக் குறைக்கும்.