ரெஜெக்ஸ்101: இணைப்பு உருவுகிற ஆட்களுக்கு நல்ல சாமான்

எச்டிஎம்எல் பக்கத்திலிருந்து இணைப்புகளை உருவ ரெஜெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீட்டுக் கோவை) எழுதிவிட்டு, ஏன் சரிவரவில்லை என்று தலையைப் பிய்க்கிற யாழ்ப்பாணத்துப் பெடியள் எல்லாரும் முதலில் ரெஜெக்ஸைச் சோதித்துப் பார்க்கிற இந்தத் தளத்தைத் திறக்க வேண்டும். காசு இல்லை, பதிவும் தேவையில்லை.

இணைப்பின் முகவரியைக் குறிக்கிற எச்ரெஃபுக்குப் (href) பிறகு மேற்கோள் குறிக்குள் .* (எந்த எழுத்தும், எத்தனையும்) போட்டால், ஒரே வரியில் நாலு இணைப்பு இருந்தாலும் கடைசி மேற்கோள் குறி வரைக்கும் ஒரேயடியாக விழுங்கிவிடும், இங்கே அது நிறத்திலேயே அப்படியே தெரிகிறது, அதை [^"]* (மேற்கோள் குறி தவிர எந்த எழுத்தும்) என்று மாற்றின கையோடு நாலும் தனித்தனியாகப் பிரிவதையும் பார்க்கலாம். வலது பக்கத்தில் ஒவ்வொரு குறியும் என்ன செய்கிறது என்று விளக்கம் வேறு. ரியூசன் காசு மிச்சம்.

பைதனில் எழுதுபவர்கள் இடது பக்கத்தில் பைதனைத் தெரிவுசெய்ய மறக்காதீர்கள், முதலில் வருவது பிசிஆர்இ2 என்ற வேறொரு ரெஜெக்ஸ் வகை. படிப்படியாக ஓட்டிக் காட்டும் டீபக்கர் பிசிஆர்இ வகைகளுக்குத்தான், அது ஒரு குறை. ஃபோனில் பார்ப்பதும் கரைச்சல், திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸில் இருந்து திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒற்றை மேற்கோள், மேற்கோளே இல்லாத எச்ரெஃப், கொமென்டுக்குள் ஒளித்த பழைய இணைப்பு எல்லாம் கலந்த பக்கமென்றால், சோலியை விட்டுவிட்டு, எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கிற பைதன் நூலகமான பியூட்டிஃபுல்சூப்பை எடுங்கள்.