நிறையா, எடையா: தராசைப் பார்த்தால் புரியும்

நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். எடை என்பது அந்தப் பொருளைப் புவி இழுக்கும் விசை, அலகு நியூட்டன். வரையறையை எல்லோரும் ஒப்பிப்பார்கள், கணக்கில்தான் சறுக்குவார்கள்.

250 கிராம் கல்லின் எடை என்ன? நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் (பூமியில் 9.8) பெருக்க வேண்டும். 250 × 9.8 = 2450 நியூட்டன் என்று எழுதினால் தவறு. முதலில் 0.25 கிலோகிராமாக மாற்ற வேண்டும்; விடை 2.45 நியூட்டன்.

பொதுத் தராசு இரு தட்டுகளிலும் உள்ள நிறைகளை ஒப்பிடுகிறது. ஈர்ப்பு குறைந்தால் இரு பக்கமும் ஒரே விகிதத்தில் குறையும். ஆகவே நிலவிலும் 6 கிலோ 6 கிலோதான். சுருள்வில் தராசு அப்படியல்ல, இழுவிசைக்கேற்ப நீளும். அதே 6 கிலோவுக்குப் பூமியில் 58.8 நியூட்டன் காட்டியது, நிலவில் (ஈர்ப்பு முடுக்கம் 1.62) 9.7 தான் காட்டும். அதன் முகத்தில் கிலோ என்று அச்சிட்டிருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

நிலவு வரை போகவும் வேண்டாம். ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. நுட்பமான மின்னணுத் தராசை இடம் மாற்றினால், தெரிந்த நிறைக்கல் வைத்து மறுபடி அளவுதிருத்தம் செய்வது இதனால்தான்.

விண்வெளி நிலையத்தில் எல்லாம் மிதப்பதால் இரண்டு தராசும் உதவாது. அங்கே சுருள்வில்லில் ஆடும் கருவியில் வீரரை ஏற்றி, அதன் அலைவுநேரத்திலிருந்து (ஒரு முறை ஆடி வர ஆகும் நேரம்) வீரரின் நிறையைக் கணக்கிடுகிறார்கள்.

இலங்கைப் பாடநூல் படிப்பவர்கள் கவனம்: அங்கே நிறைக்குப் பெயர் ‘திணிவு’, ‘நிறை’ என்றால் எடை!