பொக்கெட்டுல கிடக்கிற டோச்சுக்கு எந்தப் பெற்றறி அளவு? 14500, 18650 ரெண்டையும் ஒரு பெரும்போகம் பாவிச்சுட்டு எழுதுறன்

முதல்ல முடிவச் சொல்லிப்போடுறன், காரணத்த மறுகா பார்ப்பம். எந்த நேரமும் பொக்கெட்டுல கிடக்கிறதுக்கு 14500 பெற்றறி (டபுள் ஏ அளவுல வாற, சார்ஜ் பண்ற லித்தியம் பெற்றறி) போடுற சின்ன டோச், அதுலயும் மணிக்கூட்டுக்குப் போடுற டபுள் ஏ பெற்றறிய போட்டாலும் எரியிற மாதிரி உள்ளது. ராக்காவலுக்கு வயல் வட்டைக்குப் போறாக்கள் எண்டா அதோட 18650 (அதவிடப் பெரிய பெற்றறி) போடுற டோச் ஒண்டும் தனியா வேணும். இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு பெரும்போகம் (மாரி நெல்லுப் போகம்) முழுக்க எடுத்தது.

என்ட வீடு மட்டக்களப்புல களுவாஞ்சிகுடிப் பக்கம், வயல் ஆத்துக்கு அங்கால வெல்லாவெளிப் பக்கம். பின்னேரம் வேல முடிஞ்சு பட்டிருப்புப் பாலத்தால போய் தண்ணியப் பார்த்துட்டு வரக்குள்ள எப்படியும் ஏழு எட்டு மணியாகும். ஆத்துக்கு அங்கால உள்ள படுவான்கரையில யானைப் பிரச்சினை எப்படி எண்டு அங்கத்தையாக்களுக்கு நான் சொல்லத் தேவல்ல, 2023ல மட்டும் நாடு முழுக்க 400க்கு மேல யானையும் 150க்கு மேல சனமும் செத்திருக்கு. யானை இருட்டுக்குள்ள கறுப்பாத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாக்கள் இருக்காங்க, தெரியாது. இருட்டோட இருட்டாத்தான் நிக்கும். பக்கத்துல போனாப் பிறகுதான் அந்த இடத்துல மட்டும் நட்சத்திரம் இல்ல எண்டு விளங்கும்.

போன மார்கழியில ஒரு நாள் வாய்க்கால் துருசடியில மோட்டச்சைக்கிள நிப்பாட்டிட்டு இறங்கினன். வலப்பக்கம் பத்தைக்குள்ள கொப்பு முறியிற சத்தம். சைக்கிள் லைட் நேர ரோட்டத்தான் காட்டும், பக்கத்தக் காட்டாது. போனை எடுத்தன், கை ஈரம், திரை விரலை எடுக்குதில்ல, ஒருமாதிரித் திறந்து லைட்ட அடிச்சா அஞ்சாறு மீற்றருக்கு அங்கால ஒண்டுமில்ல. போன் லைட் பொதுவா அம்பது லூமன் (வெளிச்சத்த அளக்கிற அலகு) அளவுதான், அதுவும் கண்ணாடி கிண்ணி ஒண்டுமில்லாம அப்படியே பரவிப் போற வெளிச்சம், சாமான் தேட நல்லம், தூரம் பார்க்க ஒண்டுக்கும் உதவாது. அண்டைக்கு என்னட்ட நல்ல டோச் ஒண்டு இருந்தது. வீட்டு மேசையில இருந்தது. பாரம் எண்டு வச்சுட்டு வந்துட்டன். சத்தம் அங்காலப் போகும் வரைக்கும் அசையாம நிண்டுட்டு, மெல்ல சைக்கிளக் கிறுக்கிக்கொண்டு வந்தன், வாற வழியெல்லாம் அந்த மேசையில கிடந்த டோச்சுத்தான் நினைப்பு.

டெக்சாஸ்ல எனக்கு ஒரு மச்சான் இருக்கான், இந்தக் கதைய அவனுக்குச் சொல்ல அவன் சொன்னது அப்படியே எனக்குப் பொருந்திச்சு. அங்க 2021 புரட்டாதி 1ல இருந்து கைத்துவக்கு கொண்டு திரிய பேர்மிட் தேவையில்ல, சட்டம் தடுக்காத 21 வயசுக்கு மேற்பட்டாக்கள் வச்சுக்கொள்ளலாம். அவன் முதல் 9 மில்லிமீற்றர் ரவை போடுற கைத்துவக்கு ஒண்டுதான் வாங்கினவனாம், சுட நல்லம், கைக்கு அடங்கும், ஆனா வெயில் காலத்துல கட்டைக் களிசானோட கடைக்குப் போகக்குள்ள பாரம் எண்டு காருக்குள்ள வச்சுட்டுப் போயிடுவானாம். கடைசியா .380 ரவை போடுறதுக்கு மாறியிருக்கான். ரெண்டுக்கும் ஈயம் கிட்டத்தட்ட ஒரே தடிப்பு, 9க்கு கோது 19 மில்லிமீற்றர், .380க்கு 17, அந்த ரெண்டு மில்லிமீற்றர்லயும் மருந்துலயும் பலம் குறையுது, ஆனா துவக்குச் சின்னன். அவன் வச்சிருக்கிற ருகர் எல்சிபி 2008ல வந்த மொடல், வெறுஞ்சாமான் 270 கிராம் அளவுதான். இன்னும் சின்னனா .32 இருக்கு, .25 இருக்கு, .22 இருக்கு. .22ல ரவை மலிவு, ஆனா அது விளிம்புல அடிச்சு வெடிக்கிற சாதி, மத்ததுகள விட வெடிக்காம விடுற வாய்ப்புக் கூட, அதால உயிருக்கு நம்பி வைக்க அவனுக்கு மனமில்ல. ஆகச் சின்னத் துவக்குல சுட்டா கையும் நல்லா உதைக்கும், குறி பிடிக்கிறதும் கஷ்டம் எண்டான். அதால ஆகப் பெரிசும் இல்லாம ஆகச் சின்னனும் இல்லாம நடுவுல நிண்டிருக்கான். நம்மட ஊர்ல துவக்குக் கதைக்கு இடமில்ல, லைசன்ஸ் இல்லாம தொடவும் ஏலா, தொடுறதும் நல்லதில்ல, நாம பட்டது போதும். ஆனா அவன் அளவு பார்த்த விதம் எனக்குப் பிடிச்சிருந்தது. டோச்சுக்கும் அதே கணக்குத்தான்.

சரி, அளவுகள். பெற்றறியில போட்டிருக்கிற நம்பர் வேற ஒண்டுமில்ல, முதல் ரெண்டு இலக்கமும் தடிப்பு, அடுத்த ரெண்டும் நீளம், மில்லிமீற்றர்ல, கடைசிச் சைபர் உருளை எண்டு காட்டுறது. 18650 எண்டா 18 தடிப்பு 65 நீளம், 14500 எண்டா 14 தடிப்பு 50 நீளம், அது டபுள் ஏ அளவேதான். 21700ம் இப்ப வருது, ஒரு பெற்றறியே 70 கிராம், எங்கட அண்ணன்ட டோச் அந்தச் சாதி, வெளிச்சம் அடிச்சா வட்டையே விடிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அதப் பொக்கெட்டுல போட்டா களிசான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், ஆள் நடக்கிற நடையே மாறிரும். 16340 எண்டு கட்டைத் தடியன் ஒண்டும் இருக்கு, பார்க்க வடிவு, ஆனா அது முடிஞ்சா மாத்திப் போட எங்கட பக்கக் கடையில ஒண்டும் எடுக்கேலா.

18650க்கு நான் எடுத்தது கொன்வோய் எஸ்2 பிளஸ். 118 மில்லிமீற்றர் நீளம், 24 மில்லிமீற்றர் தடிப்பு. பின்பக்கம் அமத்துற பட்டன், உள்ளுக்கு ஒரு பெற்றறி, அவ்வளவுதான், அலங்காரம் ஒண்டுமில்ல. ஒருக்கா வாய்க்காலுக்குள்ள விழுந்து சேத்தோட கிடந்தது, எடுத்துக் கழுவிட்டு அடிச்சன், எரிஞ்சது. நல்ல 18650 ஒண்டு 3500 எம்ஏஎச் (பெற்றறி எவ்வளவு பிடிக்கும் எண்ட அளவு) வரும், 3.6 வோல்ட், பெருக்கி ஆயிரத்தால பிரிச்சா 12 வாற்-மணித்தியாலத்துக்கு மேல. 14500 ஒண்டு 900 எம்ஏஎச் எண்டு வச்சா மூணு சொச்சம். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். காவல் வாடியில விடிய விடிய இருக்கிறாக்களுக்கு இந்த நாலு மடங்கு லேசுப்பட்ட விசயமில்ல. அதால எஸ்2 பிளஸ்ஸ நான் விக்கவும் இல்ல, யாருக்கும் குடுக்கவும் இல்ல, காவலுக்குப் போற நாள்ல கட்டாயம் கையில இருக்கும்.

ஆனா மத்த நாள்ல? வேலைக்குப் போற களிசான்ல போன், பேர்ஸ், திறப்பு, அதோட இது. ஒரு கிழமை கொண்டு போனன். ரெண்டாங்கிழமை மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ. மூணாங்கிழமை மேசையில.

14500க்கு எடுத்தது ஸ்கில்ஹன்ட் எம்150. ஷிப்பிங்கோட பத்தாயிரத்துக்கு மேல போச்சு, எஸ்2 பிளஸ்ஸ விடக் கூட, சின்னச் சாமானுக்கு இவ்வளவா எண்டு வீட்டுல கேட்டாங்க. கொம்பனி சொல்றது 750 லூமன். அத நம்பி ஏமாறவும் வேணாம், குறை சொல்லவும் வேணாம், இப்படியான சின்ன டோச்சு பொதுவா உச்ச வெளிச்சத்துல கொஞ்ச நேரத்துல சுடத் தொடங்கித் தானாக் குறைச்சுக்கொள்ளும், உடம்பு சின்னன், சூடு போக இடமில்ல. எனக்கு ஒரு தரம் அடிச்சுப் பார்க்கத்தான் உச்சம் வேணும். மத்தப்படி நடுவெளிச்சத்துல வரம்பால நடக்கிறன், அதுல மணிக்கணக்கா ஓடுது. இன்னொண்டு, லூமன் ரெண்டு மடங்கானா கண்ணுக்கு ரெண்டு மடங்காத் தெரியாது, ரெண்டு மடங்கு எண்டு கண்ணுக்குப் படக் கிட்டத்தட்ட நாலு மடங்கு லூமன் வேணும். அதால 750ஆ 1000ஆ எண்டு மண்டைய உடைக்கிறது வீண்.

லூமனை விட நிறம் பாருங்க. நான் 5000 கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா நீலமா எண்டு காட்டுற அளவு), சிஆர்ஐ 90 உள்ள எல்இடி கேட்டு எடுத்தன். சிஆர்ஐ எண்டா நிறத்தை நிறமாக் காட்டுற அளவு, வெயிலுக்கு 100. மலிவு டோச்சுல வாற நீல வெளிச்சத்துல காஞ்ச சருகும் ஒரே சாம்பல், விரியனும் ஒரே சாம்பல். சிஆர்ஐ கூடினதுல மண்ணிறத்துக்கும் மண்ணிறத்துக்கும் வித்தியாசம் தெரியும். எங்கட வரம்புல ராவுல கால் வைக்கிற ஒவ்வொருத்தருக்கும் இதுட பெறுமதி விளங்கும். தை மாசப் பனியிலயும் அப்படித்தான், நீல வெளிச்சம் பனியில பட்டு முகத்துக்கே திரும்பி அடிக்கிற மாதிரி இருக்கு, இது அவ்வளவு உறுத்துறதில்ல.

தூரம் எண்டு பார்த்தா உண்மையச் சொல்றன், எம்150 ஒரு அறுவது எழுவது மீற்றருக்கு எனக்குத் தெளிவாக் காட்டுது, எஸ்2 பிளஸ் அதுக்கு மேல. கண்ணாடிக் கிண்ணி சின்னனானா வெளிச்சம் கூட்டுச் சேராது, அது இயற்கை. மறுகா ஒரு நாள், மாசியில, அதே துருசடிக்குக் கிட்ட வரக்குள்ள சந்தேகமா இருந்து, பொக்கெட்டுல இருந்து எடுத்து வலப்பக்கம் அடிச்சன், அம்பது மீற்றர்ல வரம்புக்கு மேல ஒண்டு நிண்டது, தனியன். வெளிச்சத்த உடன நிலத்துக்குப் பதிச்சுட்டுக் கிறுகி வந்து வாடியில இருந்தாக்களுக்குச் சொன்னன், அவங்க யானை வெடி போட்டாங்க. டோச்சு யானைய விரட்டாது, விரட்டுறதுக்கு நிக்கவும் கூடாது, கண்ணுக்கு அடிச்சுக்கொண்டு நிண்டா அது உங்களத் தேடி வரவும் கூடும். எங்க நிக்குது எண்டு முதல் தெரியோணும், அதுக்குத்தான் இது.

பின்பக்கம் காந்தம் இருக்கு. லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெல்ட் ராவுல அறுந்த நேரம் இரும்புல ஒட்டி வச்சுட்டு ரெண்டு கையாலயும் வேல செஞ்சன், வாயில டோச்சக் கவ்விக்கொண்டு நிண்ட காலம் எல்லாம் ஞாபகம் வந்தது. சார்ஜ் பண்றதும் அந்தக் காந்த வயராலதான், வயர் துலைஞ்சா வெளியில சார்ஜர்ல போடலாம். நீங்க எம்150ஏ எடுக்கோணும் எண்டில்ல, இந்த அளவுல வேற கொம்பனிகளும் செய்றாங்க, 14500, டபுள் ஏ ரெண்டும் போடலாம் எண்டு போட்டிருக்கா எண்டு மட்டும் பாருங்க.

ஏன் டபுள் ஏ எண்டு இவ்வளவு சொல்றன் எண்டா, 2022 பங்குனிக் கடைசியில பதின்மூணு மணித்தியாலம் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 மாசி 9ந் திகதியும் நாடே இருண்டது. மாரி வெள்ளத்துக்கு லைன் போனா எங்கட பக்கம் சொல்லவே தேவல்ல. சார்ஜ் பண்ண வழியில்லாத நேரம் 18650 வச்சிருக்கிறவன் சும்மா இருக்கோணும். எனக்கு மண்டூர்ச் சில்லறைக் கடையிலயும் டபுள் ஏ கிடைக்கும், சுவர் மணிக்கூட்டுக்குள்ளயும் ஒண்டு கிடக்கும். வெளிச்சம் குறையத்தான், 1.5 வோல்டுக்கும் 3.7க்கும் வித்தியாசம் இருக்குத்தானே, ஆனா வீட்டுக்கு வர, ஆஸ்பத்திரிக்குப் போக அது காணும். ஆனா ஒண்டு, மாறிச் செய்யாதீங்க. 14500 பார்க்க டபுள் ஏ மாதிரியே இருக்கும், முழுச் சார்ஜ்ல 4.2 வோல்ட், பிள்ளைகள் எடுத்து மணிக்கூட்டுக்கோ ரிமோட்டுக்கோ போட்டா அது கருகிரும். நான் என்ட பெற்றறியில சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கன்.

பெற்றறி வாங்கினதுல நான் ஒருக்கா நல்லா மாட்டுப்பட்டன். டவுன்ல ஒரு கடையில 18650, மேல 9900 எம்ஏஎச் எண்டு பெரிய எழுத்துல போட்டிருந்தது, மலிவு, ரெண்டு எடுத்தன். வீட்டுல அளக்கிற சார்ஜர்ல போட்டா ஒண்டு 640, மத்தது அதுக்கும் கீழ. கொண்டுபோய்க் கேட்டன், எல்லாரும் இதத்தான் தம்பி வாங்குறாங்க எண்டாங்க. அந்த அளவுக்குள்ள உண்மையா அடைக்கிறது பொதுவா 3500, 3600தான், இப்ப நல்ல கொம்பனிகள் செய்றதுல ஆகக் கூடினதே 4000 அளவுதான். 9900, 12000 எண்டு கண்டா தொடவே வேணாம். கையில எடுத்துப் பாருங்க, உண்மையான 18650 ஒண்டு பொதுவா 45 கிராம் அளவுல இருக்கும், பொய்ச் சாமான் வெறும் டப்பா மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் உறை கிழிஞ்ச பெற்றறியத் திறப்போட ஒரே பொக்கெட்டுல போடுறதும் ஆபத்து, ஷோர்ட் ஆகிச் சுட்டுரும்.

மச்சான் துவக்கப் பொக்கெட்டுல போடக்குள்ள விசைய மூடுற உறை இல்லாம போடவே மாட்டானாம், சும்மா வேற சாமானோட போட்டா எது விசையில படும் எண்டு தெரியாது. டோச்சுலயும் இதக் கவனிக்கோணும். பக்கத்துல பட்டன் உள்ள டோச்சு பொக்கெட்டுக்குள்ள தானா எரியும், துடையச் சுடும், எடுக்கிற நேரம் பெற்றறி செத்திருக்கும். லொக் பண்ணிட்டுப் போடப் பழகுங்க, எடுக்கிற நேரம் இருட்டுல லொக் திறக்கவும் பழகுங்க, ஒரு கிழமை வீட்டுல கண்ணை மூடிக்கொண்டு செஞ்சு பாருங்க. எஸ்2 பிளஸ்ஸுக்கு இந்தக் கவலை குறைவு, பட்டனை நல்லா அமத்தோணும்.

அப்பா சாறம்தான் கட்டுறவர், பொக்கெட் கிடையாது, எல்லாம் மடியிலதான். எஸ்2 பிளஸ்ஸக் குடுத்தன், ரெண்டு தரம் வரம்புல வழுகி விழுந்துட்டு எண்டு திருப்பித் தந்துட்டார். எம்150ஐ வெத்திலைப் பையோட சேர்த்துச் சொருகிக்கொண்டு போனவர் இண்டைக்கு மூணு கிழமையா எனக்குத் தரல்ல. நான் எனக்கு இன்னொண்டு ஓடர் போட்டிருக்கன்.