ரெவிதீம் யுத்தப் படத்தொகுப்பு: ஞாயிறு பள்ளி ஆசிரியரின் மதிப்புரை

விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக மதுரையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்தத் தொங்குபடத் தொகுப்பை வாங்கினோம். வேதாகமத்தின் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில், ரெவிதீம் என்னும் இடத்தில் இஸ்ரவேலர் அமலேக்கியரோடு செய்த யுத்தத்தைச் சொல்லும் எட்டுப் படங்களும் ஓர் ஆசிரியர் கையேடும் சேர்ந்து விலை 480 ரூபாய். ஒத்தக்கடைப் பக்கம் உள்ள எங்கள் சிறிய சபையில், நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இதை வைத்தே பாடம் நடத்தினோம்.

தொகுப்பின் உயிர் ஐந்தாம் படத்தில் இருக்கிறது. மலையுச்சியில் இருந்த இஸ்ரவேலரின் தலைவர் மோசேயின் கை உயர்ந்திருக்கையில் இஸ்ரவேலர் மேலோங்கியதும், தாழ்ந்தபோது அமலேக்கியர் மேலோங்கியதும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் கைகள் அசந்துபோனவருக்கு முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தார்கள், அதன் பிறகே அவருடைய அண்ணன் ஆரோனும் ஊர் என்பவரும் இரு பக்கமும் நின்று தாங்கினார்கள் என்கிற வரிசையை, நான் பார்த்த படங்கள் பலவற்றில் காணோம். மோசே நின்றுகொண்டே இருப்பார். இந்த ஓவியர் கல்லை விடவில்லை. மோசேயின் முழங்கைக்கு அடியில் ஆரோனின் உள்ளங்கை அழுந்தியிருக்கிறது. மறுபக்கத்தில் ஊர் தம் தோளையே முட்டுக்கொடுத்திருக்கிறார், அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்குகிறவருக்கும் வலித்திருக்கும் என்பதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார்கள்.

இவ்வளவு நன்றாக வரைந்தவர் அடுத்த படத்தில் சறுக்கிவிட்டார். மோசேயின் கையிலுள்ள கோலிலிருந்து மஞ்சள் கதிர்கள் பாய்ந்து போர்க்களத்தில் இறங்குகின்றன. "கையைத் தூக்குனா ஜெயிக்கிறது மந்திரம் மாதிரில்ல இருக்கு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டது நியாயமான கேள்வி. வேதத்தில் கதிர் எதுவும் இல்லை; கீழே படையை நடத்திய யோசுவா பட்டயத்தோடு போராடினார் என்றுதான் இருக்கிறது. வேதாகமத்தில் அவர் பெயர் முதன்முதலாக வருகிற இடமும் இதுவே, ஆனாலும் தொகுப்பில் அவருக்கு ஒரே ஒரு படம், அதிலும் மூலையில் சிறியதாக நிற்கிறார். ஜன்னலுக்கு வெளியே யானைமலை தெரிந்தது எங்களுக்கு உதவியாக இருந்தது: உச்சியில் இருப்பவருக்கும் அடிவாரத்தில் போராடுகிறவருக்கும் நடுவே எவ்வளவு தூரம், அந்தத் தூரத்திலும் ஒருவரை நம்பி ஒருவர் தம் வேலையைச் செய்வது எப்படி என்பதை அதைக் காட்டித்தான் விளக்கினோம்.

இதைவிடப் பெரிய குறை, கதையை யுத்தத்திலிருந்தே தொடங்கியிருப்பது. அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தில், தண்ணீர் இல்லாத கோபத்தில் ஜனங்கள் தம்மைக் கல்லெறியப் பார்க்கிறார்கள் என்று மோசே கர்த்தரிடம் முறையிடுகிறார். அந்த ஜனங்களுக்காகத்தான் பிறகு கை வலிக்க மலையில் இருக்கிறார். உபாகமம் 25-ஆம் அதிகாரமோ, இளைத்துப்போய்ப் பின்னால் வந்த பலவீனரை அமலேக்கு வெட்டியதாகச் சொல்கிறது. தளர்ந்தவரைத் தாக்கியவர்களோடு நடந்த போரில் தளர்ந்துபோன தலைவரையே மற்றவர்கள் தாங்க வேண்டியிருந்தது என்பதல்லவா பாடம்? கையேட்டில் இவை பற்றி ஒரு வரியும் இல்லை. யுத்தத்துக்குப் பின் மோசே கட்டிய, 'கர்த்தர் என் கொடி' என்று பொருள்படும் யேகோவாநிசி என்னும் பலிபீடம் கடைசிப் படத்தில் வருகிறது; அதன்மேல் பறக்கும் கொடியைப் பார்த்தால் கட்சிக் கொடியேற்று விழாவைப் போல இருக்கிறது.

தாள் கனமானது. லேமினேஷன் மட்டும் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்துக் கடைசி வரிசைக்குப் படத்தை மறைக்கிறது. மேல்பட்டை கழன்றுவிட்டதால் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கலாம் என்றே சொல்வேன். முதல் ஏழு வசனங்களை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் படங்களைத் தொடங்குங்கள், ஆறாம் படத்தை மடித்து வையுங்கள். ஐந்தாம் படம் தனியாகக் கிடைத்தால் பக்கத்துச் சபைகளுக்கும் வாங்கிக் கொடுத்திருப்போம்; முழுத் தொகுப்பாகத்தான் தருவோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.