விடியக்காலை மூணு மணி முழிப்பும் நான் போன தெரபிஸ்டும்

அப்பா போனதுக்கப்புறம் ஏழெட்டு மாசமா மூணு மணிக்கு டான்னு முழிப்பு வந்துடும், அப்புறம் பால் வண்டி சத்தம் கேக்குற வரைக்கும் ஃபேனையே பாத்துட்டு படுத்திருப்பேன். முதல்ல ஒரு ஆப்ல ஒரு தெரபிஸ்ட்டை புக் பண்ணேன், பேர் வேணாம், அந்தம்மா பாதி நேரம் எங்கயோ டைப் பண்ணிட்டே "யோகா ட்ரை பண்ணுங்க"ன்னு முடிச்சிட்டாங்க. காசு தண்டம்.

ஒருநாள் ராத்திரி தாங்காம 14416க்கு அடிச்சேன், அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ், 2022ல ஆரம்பிச்சது, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். நேர்ல ஒருத்தரைப் பாருங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. ஆர்சிஐ (இவங்களைப் பதிவு பண்ற மத்திய அரசு கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னு கேட்டுட்டு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போனேன். நகைக்கடை ஓசி டைரில தினமும் எப்ப படுத்தேன், எப்ப முழிச்சேன்னு எழுதச் சொன்னாங்க, அதைப் பாத்துட்டு சீக்கிரம் படுக்கவே கூடாது, பன்னெண்டுக்குத்தான் படுக்கணும், தூக்கம் வரலைன்னா எழுந்து ஹாலுக்குப் போயிடணும், மதியம் குட்டித்தூக்கமும் கூடாதுன்னாங்க. தூக்கம் வராதவனை இன்னும் முழிச்சிருக்கச் சொல்றாங்களேன்னு கடுப்பா இருந்துச்சு, முதல் பத்து நாள் நரகம், அதுக்கப்புறம் மெல்ல மெல்ல தூக்கம் சேர்ந்துச்சு. அப்பா பத்தி பேச ஆரம்பிச்சதே நாலாவது செஷன்லதான், அவங்க அவசரப்படுத்தல.

ஃபீஸ் 1200, கொஞ்சம் ஜாஸ்திதான். வெயிட்டிங் ரூம்ல டிவி சத்தம் வேற, அதைக் குறைங்கப்பா.