34 சாப்பாடு ஆகாது என்று ஒரு ரிப்போர்ட்: மட்டக்களப்பில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வயிற்றோட்டம் நிற்காத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு போனில் தேடும் யாருக்காவது இது கண்ணில் பட்டால் போதும். ஏழு மாதத்துக்கு முன்னர் நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

வீடு கல்லடியில். கணவர் கட்டாரில் வேலை. இங்கே நானும் அம்மாவும் மகளும். அவளுக்கு 14 மாதம் இருக்கும்போது சத்தியும் வயிற்றோட்டமும் வந்து மூன்று நாள் வார்ட்டில் இருந்தோம். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) கொடுத்து, சேலைன் ஏற்றி, தேறி வந்தாள். சத்தி நின்றது, மற்றது நிற்கவில்லை. நாளுக்கு நாலைந்து தரம் தண்ணீராகப் போகும். தின்ற கரட் கரட்டாகவே கிடக்கும், சோறு சோறாகவே கிடக்கும். பால் குடித்த அரை மணித்தியாலத்தில் வயிறு மேளம் மாதிரி ஊதிவிடும். தோல் புண்ணாகி, கழுவத் தூக்கினாலே கத்துவாள்.

டவுனில் ஒரு டொக்டரிடம் பிரைவேட்டாகக் காட்டினேன். இரண்டு மணித்தியாலம் காத்திருந்து மூன்று நிமிடம் உள்ளே இருந்தோம். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், என்ன குடிக்கிறாள் என்று ஒரு கேள்வி இல்லை. "பால்மாவ மாத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன், பயனில்லை. அடுத்தவர் அன்டிபயோட்டிக் எழுதினார், இன்னும் கூடியது. அம்மா கண்ணூறு என்று சொல்லி பார்வை பார்க்கிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனா. அவர் வெற்றிலையில் வைத்ததை எடுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில காட்டுறத விட்டுராதீங்க" என்று சொல்லி அனுப்பினார். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் எங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரே ஆள் அவர்தான்.

அந்த நேரத்தில்தான் முகநூலில் விளம்பரம் வந்தது. குழந்தைகளின் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் வெளிநாட்டுப் பரிசோதனை, மட்டக்களப்பில் மாதம் இரண்டு நாள் மட்டும். பெயர் போடவில்லை, போட்டால் என்ன வரும் என்று தெரியும். ஒரு கடைக்கு மேல் மாடியில் வாடகை அறை, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். நோட்டீஸில் "போசாக்கு ஆலோசகர்" என்று இருந்தது. வரவேற்பில் இருந்த பிள்ளை வாய்க்கு வாய் "டொக்டர், டொக்டர்" என்றாள். அந்த வித்தியாசத்தை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

நான் ஏமாந்தது எங்கே என்று பலரும் கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன்: அந்த ஆள் எங்களோடு 45 நிமிடம் இருந்தார். பேறுகாலத்திலிருந்து கேட்டார், நான் அழுதபோது தண்ணீர் தந்தார். மூன்று நிமிட டொக்டர்களுக்குப் பிறகு அப்படி ஒருவர் கிடைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மகளின் விரலைக் குத்தி, ஒரு அட்டையில் சில துளி இரத்தம் எடுத்தார்கள். 24,000 ரூபாய். இரண்டு கிழமையில் 14 பக்கத்தில் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது.

சிவப்பில் 34 சாப்பாடு. அரிசி, தேங்காய், பசுப்பால், முட்டை, பருப்பு, கோதுமை, வாழைப்பழம், மாம்பழம், சூரை மீன், இறால்... அம்மா கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, "அப்ப இந்தப் புள்ள காத்தையா கா குடிக்கிற?" என்றா. படுவான்கரையில் இருந்து மாமா அனுப்புகிற அரிசி, வளவில் விழுகிற தேங்காய், வாவி இறால், எல்லாமே சிவப்பு.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாள் காரணம் தெரியாமல் தவித்தவளுக்கு அச்சடித்த பட்டியல் ஒன்று கையில் கிடைத்தது. யாரும் இனி "தாய் பார்க்கிற விதம் சரியில்லை" என்று சொல்ல முடியாது. அந்த நிம்மதிக்குத்தான் 24,000 ரூபாய் கொடுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பச்சையில் இருந்தவை அப்பிள், பெயார்ஸ், திராட்சை, உருளைக்கிழங்கு, பூசணி, கோழி, இன்னும் சில. பாலுக்குப் பதில் அவர்களே விற்கும் மா ஒரு பேணி 11,500 ரூபாய், பத்து நாளுக்கு மேல் வராது. குடலைச் சுத்தம் செய்ய என்று ஒரு துளி மருந்து 6,800. நாலு பேணி, மூன்று போத்தல் வாங்கினேன். பரிசோதனையோடு சேர்த்து 90,400 ரூபாய். கணவர் ஓவர்டைம் செய்து அனுப்பிய காசு.

பசி தாங்காமல் அழுவாள். பச்சையில் இருக்கிறதே என்று பெட்டி அப்பிள் ஜூஸ் கொடுப்பேன். ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நாலு. வயிற்றோட்டம் ஏழு தரமாகியது. போன் எடுத்தேன். "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி. நிப்பாட்டினா திரும்ப முதல்ல இருந்து தொடங்கணும்." ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடி எடுத்தேன். "வீட்டில யாரோ ஒளிச்சுச் சிவப்புச் சாப்பாடு குடுக்கிறாங்க" என்றார். உண்மைதான், அம்மா ஒரு வாய் பிட்டு ஊட்டியிருந்தா. அதற்காக மூன்று நாள் நான் அம்மாவோடு கதைக்கவில்லை. போன காசைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

இரண்டு மாதம் கிளினிக்குக்குப் போகாமல் ஒளித்தேன். மூன்றாவது மாதம் எங்கள் பகுதி மிட்வைஃப் வீட்டுக்கே வந்துவிட்டா. தராசில் போட்டுப் பார்த்து, கிளினிக் கொப்பியில் புள்ளி வைத்து, கொப்பியை என் பக்கம் திருப்பினா. 15 மாதத்தில் 9.6 கிலோ. 19 மாதத்தில் 8.7. ஏறிக்கொண்டு போன கோடு முறிந்து கீழே விழுந்திருந்தது. ஏசவில்லை. "நாளைக்கே போங்க மகள். இப்ப குடுக்கிற எல்லாத்தையும் பையில போட்டுக்கொண்டு போங்க" என்று கடிதம் எழுதித் தந்தா.

அரச ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் கிளினிக். அங்கிருந்த பெண் டொக்டர் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தா. 11,500 ரூபாய்ப் பேணியின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்ததை வாசித்தா. "இதில வே புரோட்டீன் இருக்கு. வே எண்டா பால்ல இருந்து எடுக்கிறது தானே?" பால் ஆகாது என்று சிவப்பில் போட்டவர்கள், பாலிலிருந்து எடுத்ததையே எனக்கு விற்றிருக்கிறார்கள். நான் அந்தப் பேணியைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு அவ விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். அந்தப் பரிசோதனை பார்ப்பது ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பொருளை, அதாவது உடம்பு தானே இரத்தத்தில் உண்டாக்கும் ஒரு புரதத்தை. நாம் ஒரு சாப்பாட்டை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி இரத்தத்தில் இருப்பது வழமை. அது நோயின் அடையாளம் இல்லை, அந்தச் சாப்பாடு உடம்புக்குப் பழக்கம் என்பதன் அடையாளம். அரிசியும் தேங்காயும் மீனும் தின்கிற மட்டக்களப்புப் பிள்ளைக்கு அரிசியும் தேங்காயும் மீனும்தான் சிவப்பில் வரும். 14 பக்கத்துக்கும் அர்த்தம் அவ்வளவுதான்: எங்கள் குசினியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே காசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்த ஐஜிஜி பரிசோதனையைப் பாவிக்க வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலும், கனடாவின் அமைப்பு 2012இலும் எழுதி வைத்திருக்கின்றன. 24,000 ரூபாய் கட்டுவதற்கு முன்னர் இதைத் தேடியிருக்கலாம்.

சரி, அப்படியென்றால் மகளுக்கு என்னதான்? கடுமையான வயிற்றோட்டத்துக்குப் பிறகு குடலின் உட்தோல் தேய்ந்துபோய், பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியைச் செரிக்கிற சக்தி கொஞ்ச நாளுக்குக் குறையும். வயிறு ஊதியது அதனால். பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகத் திரும்பிவிடும். எங்களுக்கும் அநேகமாகத் திரும்பியிருக்கும், நான் ஜூஸில் இறங்காமல் இருந்திருந்தால். அப்பிள் ஜூஸில் இருக்கிற சில இனிப்புகள் சின்னக் குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே போகும். கரட் கரட்டாகவே வருவது இந்த வயதில் சாப்பாடு வேகமாக இறங்குவதால். நிறை ஏறுகிற பிள்ளைக்கு அது பயப்படும் விஷயமே இல்லை. என் பிள்ளைக்கு நிறை இறங்கியது நோயால் இல்லை, பட்டினியால். இதை அவ இவ்வளவு நேரடியாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மலமும் இரத்தமும் சோதித்தார்கள். இரும்புச்சத்துக் குறைவு, அதற்குப் பாணி தந்தார்கள். ஜூஸ் அடியோடு நிறுத்தம். தாகத்துக்கு ஆறவைத்த தண்ணீர். (ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு நாளுக்கு 120 மில்லிக்கு மேல் ஜூஸ் வேண்டாம் என்று அமெரிக்கப் பிள்ளை மருத்துவர்களே சொல்கிறார்கள், நான் அரை லீற்றருக்கு மேல் ஊற்றியிருக்கிறேன்.) சோறு, மீன், முட்டை, தேங்காய்ப்பால் விட்ட சொதி எல்லாம் திரும்ப வந்தன. கொழுப்பைக் குறைக்கவே வேண்டாம், அது சாப்பாடு இறங்கும் வேகத்தைக் குறைக்கும் என்றா. பாலை மட்டும் இரண்டு கிழமை நிறுத்தி, முதலில் தயிர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பால். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, என்ன கொடுத்தேன், எத்தனை மணிக்கு, எப்படிப் போனது என்று எழுதச் சொன்னா. எழுதினேன். பத்தாவது நாள் இரண்டு தரம். மூன்றாவது கிழமை எங்கள் எருமைத் தயிர் இரண்டு கரண்டி, ஒன்றும் செய்யவில்லை. முதல் வாய் பிட்டை அம்மாவையே ஊட்டச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது இரண்டு வயது, 10.6 கிலோ.

இதைப் படித்துவிட்டு "ஒவ்வாமை என்பதே பொய்" என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். பால் புரதத்துக்கு உண்மையான ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குடித்தவுடன் தடிப்பு, முகம் வீங்குதல், சத்தி இப்படி வரும், சிலருக்குப் பிந்தி மலத்தில் இரத்தம் வரும். லக்டோஸ் பிரச்சினை வேறு, இது வேறு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ மாற்று ஆகாது, புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். (எனக்கு ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னவர்கள் ஐந்து பேர்.) இரத்தம் போனால், நிறை இறங்கினால், மூத்திரம் குறைந்து கண் உள்ளே போனால், முகம் வீங்கினால், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால், பதிவு வாசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990க்கு அடித்தால் அம்பியுலன்ஸ் வரும்.

காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். அறை பூட்டு. போனில், "ரிப்போர்ட் பிழை எண்டு எழுத்தில கொண்டு வாங்க" என்றார்கள். அடுத்த நாள் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள். பில்லைத் தேடி எடுத்தால் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது, பரிசோதனை என்ற சொல்லே இல்லை. பேணியில் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, தமிழோ சிங்களமோ இல்லை. இலங்கை மருத்துவச் சபையின் இணையத்தளத்தில் பதிவுபெற்ற வைத்தியர்களின் பெயர்களைத் தேடலாம். தேடினேன், அந்தப் பெயர் இல்லை. இரண்டு நிமிட வேலை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன். பில்லும் பேணியும் கேட்டார்கள். நல்ல காலம், அம்மா வெற்றுப் பேணியில் சீனி போட்டு வைத்திருந்தா.

ஆரையம்பதியில் ஒரு தாய், அவருடைய மகனுக்கும் இதே இடத்தில் செய்திருக்கிறார். இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் மகளின் 34இல் 29 அவர் மகனுக்கும் சிவப்பு. அந்தப் பிள்ளைக்கு இருந்தது மலச்சிக்கல்.

போன கிழமை களுவாஞ்சிக்குடியில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு நோட்டீஸ் கண்டேன். பெயர் புதிது, படம் புதிது, தொலைபேசி இலக்கம் அதே. உங்களிடம் அந்தக் கலர் ரிப்போர்ட் இருந்தால் கோபத்தில் கிழித்து எறிந்துவிடாதீர்கள். பில், பேணி, போத்தல் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். முறைப்பாட்டில் இன்னும் நாலு பில் சேர்ந்தால் அதிகார சபை கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல இலேசாக இருக்கும்.